மணி அடித்தால் வீட்டுக்கு ஒரு ஆள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. நடந்த ஊர், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு பெரிய ஏரியை ஒட்டி இருக்கிறது. ஊரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். மற்றதெல்லாம் ரஞ்சனிக்கு எப்படி நடந்ததோ அப்படியே.

1991. ஐப்பசி அடைமழை.

ரஞ்சனி பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டாள். அவள் குரலைக் கேட்க வேண்டுமானால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு வரை காத்திருக்க வேண்டும் என்று கல்லூரியில் கேலி செய்வார்கள். இந்தப் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன, லேப் வேலை நிச்சயம் என்று தாய்மாமா தசரதன் சொன்னதை நம்பி அவர் வீட்டுக்கு வந்திருந்தாள். வேலை வரவில்லை. சும்மா இருக்கிற பெண்ணுக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று மாமா முதியோர் கல்வி வகுப்பைப் பிடித்துக் கொடுத்தார். ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, டவுன் ஹாலில் வகுப்பு.

டவுன் ஹால் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊர் ஒரு நாள் டவுன் ஆகிவிடும் என்று நம்பி வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய கட்டடம். ஊர் ஊராகவே நின்றுவிட்டது. ஹால் மட்டும் தடித்த தூண்களும் உயர்ந்த ஜன்னல்களுமாக, யாருக்கோ காத்திருப்பது போல நின்றது. ஓட்டுப் போடுவது அங்கேதான். கல்யாணப் பந்தி, அம்மை ஊசி, பஞ்சாயத்து டிவியில் ஞாயிற்றுக்கிழமை சினிமா, வரப்புத் தகராறு, இரங்கல் கூட்டம், எல்லாம் அங்கேதான். மருத்துவ முகாமுக்காக வாங்கிய ஒரு இரும்புக் கட்டிலும் மூலையில் கிடந்தது. அதை நகர்த்த நாலு ஆம்பளை வேண்டும்.

கூரைக்கு மேல் ஒரு மணிக்கூண்டு. அதிலிருந்து ஒரு கயிறு ஹாலுக்குள் தொங்கியது.

சாவியைக் கொடுத்த அன்று ரஞ்சனி தயங்கினாள்.

"இருட்டுற நேரம் மாமா. பயமா இருக்காதா?"

"இன்னா பயம்? மணி கீது இல்ல? இழுத்துவுடு. வூட்டுக்கு ஒரு ஆளு வந்து நிக்கும். சோத்துல கைய வெச்சிருந்தாலும் எழுந்து வரணும். இந்த ஊர் சட்டம் அது."

ரேஷன் கடைக் கோதண்டராமனும் அதையே சொன்னார். வகுப்புக்கு வந்த பெண்களும் சொன்னார்கள். யார் புதிதாக வந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் முதலில் சொல்வது மணியைப் பற்றித்தான். எங்க ஊர்ல ஒரு கஷ்டம்னா ஊரே வரும்.

இரண்டு விஷயங்கள் மட்டும் ரஞ்சனியை உறுத்தின. மாமா மணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மரகதம் அத்தை எழுந்து உள்ளே போய்விடுவாள். அது ஒன்று.

இன்னொன்று, அன்னபுஷ்பம் சிரித்தது.

அன்னபுஷ்பம் மெயின் ரோட்டைத் தாண்டி, மாதா கோயில் பக்கத்துப் புதுக் குடியிருப்பிலிருந்து வகுப்புக்கு வருகிறவள். எட்டு மாதக் கர்ப்பிணி. புருஷன் டென்னிஸுக்குக் கம்பெனியில் செகண்ட் ஷிஃப்ட். தனியாக வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு எழுத்தாவது கற்றுக்கொள்ளலாம் என்று வந்தாள். வாயாடி. மணி விஷயத்தை ரஞ்சனி சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"உங்களுக்கும் சொல்லிட்டாங்களா டீச்சர்?"

"ஏன், நிஜம் இல்லையா?"

"சட்டம் நிஜந்தான்." அவள் சிலேட்டை எடுத்துக்கொண்டாள்.

ஹாலுக்குப் பின்கதவு ஒன்று உண்டு. ஏரியைப் பார்த்த கதவு. தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஏரிக்கரை வரை சீமைக்கருவேல முள். முள்ளுக்கு நடுவே ஒரு ஆட்டுக்கல் கிடந்தது. இரண்டு வாசற்படிகள் தெரிந்தன. வீடு இல்லாத வாசற்படிகள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"அங்க யார் இருந்தாங்க அத்தை?"

"யாரும் இல்ல. முள்ளுதான்."

ஒரு வியாழக்கிழமை, மழை பிடித்து மூன்றாவது நாள். ஏரி தளும்பி நின்றது. வகுப்புக்கு வந்ததே நாலு பேர். ஆறே முக்காலுக்குக் கரண்ட் போனது. மற்றவர்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டார்கள். மழை கொஞ்சம் விடட்டும் என்று அன்னபுஷ்பம் மட்டும் உட்கார்ந்திருந்தாள். ரஞ்சனி அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்தாள்.

"பொண்ணு பொறந்தா உங்க பேரு வெக்கட்டுமா டீச்சர்?"

"வேண்டாம். வாய் பேசாம வளரும்."

"அப்ப கண்டிப்பா வெக்கணும். எங்க வூட்ல நான் ஒருத்தி பேசறதே ஜாஸ்தின்னு அவரு சொல்றாரு."

இருவரும் சிரித்தார்கள். மழை எப்படி இருக்கிறது என்று பார்க்க அன்னபுஷ்பம் எழுந்து வாசலுக்குப் போனாள்.

வழவழத்த கருங்கல் படி. ஈரம்.

ஒரே ஒரு சத்தம். தொப்பென்று.

ரஞ்சனி ஓடிப்போய்த் தூக்கினாள். புடவை நனைந்திருந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுவந்தாள். நனைத்தது மழைத் தண்ணீர் மட்டும் இல்லை. ரத்தம்.

"டீச்சர்… வலி எடுக்குது டீச்சர்… புள்ள…"

எப்படியோ தாங்கிப் பிடித்து இரும்புக் கட்டிலில் படுக்கவைத்தாள். ஆஸ்பத்திரி ஸ்ரீபெரும்புதூரில். பஸ் பிடிக்க மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும். இவளை யார் தூக்கிக்கொண்டு போவது?

அப்போதுதான் கயிறு கண்ணில் பட்டது.

கையில் சுற்றி இழுத்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தாள். கயிறு லேசாக இருந்தது. மறுமுனையில் எதுவுமே கட்டாதது போல.

மூன்றாவது முறை…

டாங்.

தலைக்கு மேல் கூரை அதிர்ந்தது. டாங்… டாங்… மழையையும் மீறி அந்தச் சத்தம் ஊருக்குள் போவதைக் கேட்டாள். உள்ளங்கை எரியும்வரை இழுத்தாள். மணி ஏழு இருபது.

வாசலில் நின்று தெருவைப் பார்த்தாள். வீடுகளின் ஜன்னல்களில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. இதோ, கதவைத் திறக்கப் போகிறார்கள். கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வரப் போகிறார்கள்.

முதல் வீட்டு வெளிச்சம் அணைந்தது.

அடுத்த வீடு.

அதற்கடுத்தது…

ஒவ்வொன்றாக, ஜன்னல்கள் எல்லாம் இருண்டன.

ஒருவரும் வரவில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்கோ அன்னம். இதோ வந்துடறேன்."

"விட்டுட்டுப் போவாதீங்க டீச்சர்…"

ரஞ்சனி ஓடினாள். முதலில் கோதண்டராமன் வீடு. அந்த ஒரு வீட்டில் மட்டும் கதவிடுக்கில் வெளிச்சம் இருந்தது. கதவைத் தட்டினாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"நான் ரஞ்சனி! தசரதன் வீட்டுப் பொண்ணு! ஒரு உயிர் போகுது, கதவைத் திறங்க!"

உள்ளே யாரோ "ஷ்…" என்றார்கள். கதவிடுக்கில் வெளிச்சம் அணைந்தது.

இருக்கட்டும். மாமா இருக்கிறார். நாலு வீடு தள்ளித்தான் மாமா வீடு. சேற்றில் விழுந்து எழுந்து ஓடினாள். கதவில் கையை வைத்தாள். உள்தாழ்ப்பாள். அவள் வெளியே இருக்கும்போது அந்த வீட்டில் தாழ்ப்பாள் போட்டதே இல்லை.

"மாமா! நான்தான் மாமா! அன்னபுஷ்பத்துக்கு ரத்தம் போகுது… மாமா!"

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல். மாமாவின் இருமல். கையெட்டும் தூரத்தில். அவள் தட்டுவதை நிறுத்தினாள். அவர் மூச்சு விடுவது கூடக் கேட்டது.

"மாமா…"

"யாரா இருந்தாலும் காலையில வா." அத்தையின் குரல்.

"அத்தை, நான்…"

"போயிடு. போயிடு தாயீ. எங்கள விட்டுடு."

ரஞ்சனி அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி ஹாலுக்கு ஓடினாள்.

அன்னபுஷ்பத்தின் உதடுகள் வெளுத்திருந்தன. கண்கள் பாதி மூடியிருந்தன. கட்டிலின் கம்பியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள் ரஞ்சனி. அசையவில்லை. தரையில் உட்கார்ந்து, கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

அப்போது அந்தச் சத்தம்.

கிரீச்…

பின்கதவு.

துருப்பிடித்த தாழ்ப்பாள் மெல்ல நகர்கிற சத்தம். உள்பக்கம் இருக்கிற தாழ்ப்பாள்…

கதவு திறந்தது. காற்று வந்தது. விளக்கு அணைந்தது.

ஏரி வாடை. சேறும், பாசியும், ஆகாயத்தாமரை அழுகிய நாற்றமும்.

காலடிகள். ஈரக் காலடிகள்.

சளக்… சளக்… சளக்…

ஒருவர் இல்லை. நிறைய பேர்.

"வந்துட்டீங்களா…" ரஞ்சனி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மணி கேட்டுதா… யாரு, கோதண்டராமன் அண்ணனா?"

கட்டில் தரையிலிருந்து எழுந்தது. சத்தமே இல்லாமல். நாலு ஆள் கனம். காகிதத்தைத் தூக்குவது போல.

அவர்கள் நடந்தார்கள். பின்கதவு வழியாகவே வெளியே போனார்கள். கட்டில் கம்பியைப் பிடித்தபடி ரஞ்சனியும் போனாள். தெரு வழியில் இல்லை. முள்ளுக்கு நடுவே, ஏரிக்கரையோரமாக. அங்கே வழி இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஆனால் வழி இருந்தது. ஒரு முள்கூட அவள் மேல் படவில்லை.

"புண்ணியமாப் போகும் உங்களுக்கு… கதவைத் திறக்கவே மாட்டீங்கன்னு நினைச்சேன்…"

ஓர் இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். அவள் கால் வைத்தாள். சளப்.

அவள் கால் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மின்னல் வெட்டியது.

முதுகுகள். நனைந்த தலைமுடிகள். பெண்கள் இருந்தார்கள். ஆண்களும். கட்டிலைத் தூக்க இடம் கிடைக்காதவர்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தலைமாட்டில் ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. முன்கையில் சிலுவை பச்சை குத்திய கை. அந்த உள்ளங்கையில் கயிறு அறுத்த தடம்.

இருட்டு.

ரஞ்சனி தன் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். அதே இடத்தில், அதே எரிச்சல்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். நடந்தாள். நடந்துகொண்டே…

மெயின் ரோடு. பஸ் நிற்கிற இடம். கட்டில் கீழே இறங்கியது. தூரத்தில் இரண்டு விளக்குகள். ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ். அவள் ரோட்டுக்கு நடுவே போய்க் கையை விரித்து நின்றாள். பிரேக் கிறீச்சிட்டது. வெளிச்சம் முழுசாக விழுந்தது.

திரும்பிப் பார்த்தாள்.

கட்டில். அதில் அன்னபுஷ்பம். வேறு யாரும் இல்லை.

டிரைவர் இறங்கி வந்தார். கட்டிலைப் பார்த்தார். ஏரிப் பக்கத்து இருட்டைப் பார்த்தார். கடைசியில் அவளைப் பார்த்தார்.

"யம்மா… நீ ஒண்டியாவா இத்தத் தூக்கினு வந்தே?"

பஸ்ஸில் இருந்தவர்கள் அன்னபுஷ்பத்தை மட்டும் தூக்கி ஏற்றினார்கள். கட்டிலை அசைக்க முடியாமல் அங்கேயே விட்டுவிட்டார்கள்.

விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சின்னது, ஆனால் நன்றாக அழுதது. தாயும் பிழைத்தாள். டென்னிஸ் வந்து சேர்ந்த பிறகு ரஞ்சனி ஊருக்குத் திரும்பினாள். மழை விட்டிருந்தது. தெருவில் எல்லோரும் இருந்தார்கள். கோலம் போட்டார்கள், மாடு அவிழ்த்தார்கள். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மரகதம் அத்தை அவளைக் கண்டதும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கை, முகம், கடைசியாக, கால் தரையில் படுகிறதா என்று.

"நீதானாடி… மழைக்கு யார் வூட்லயாவது தங்கிட்டன்னு இருந்தோம்."

"மணி கேட்கலையா அத்தை?"

"கேட்டுச்சு."

"நான் கூப்பிட்டது?"

அத்தை அழ ஆரம்பித்தாள். "உன் கொரலு மாரியே இருந்துச்சுடி. அச்சு அசல் உன் கொரலு. அதான் தொறக்கல. அது வந்தா, நம்ம வூட்டு ஆளு கொரல்லதான் கூப்புடும்னு சொல்லுவாங்க…"

"எது வந்தா?"

மாமா உள்ளிருந்து வந்தார். உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஹாலுக்குப் பின்னால் ஏரிக்கரையில் ஒரு தெரு இருந்ததாம். பதினைந்து வருஷத்துக்கு முன், இதே மாதிரி ஒரு மழையில் ஏரிக்கரை விரிசல் விட்டது. அந்தத் தெருக்காரர்கள் ஹாலுக்கு வந்து மணி அடித்தார்கள். வெகுநேரம் அடித்தார்கள்.

"யாரும் போகலையா மாமா?"

"மணி ஊருக்குள்ள இருக்கிற வூடுங்களுக்கு. அவங்க அடிச்சா யாரும் போவறது இல்ல. அப்ப அப்டித்தான்…" அவர் இருமினார். "காலையில தெருவே இல்ல. அதுக்கப்புறம் மழைக்காலத்துல தானா அடிக்கும். யாரும் கதவு தொறக்க மாட்டோம்."

"இதெல்லாம் தெரிஞ்சும் என்கிட்ட ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க? மணி அடிச்சா ஊரே வரும்னு?"

மாமா நிஜமாகவே குழம்பினார். யோசித்தார்.

"அது… வழக்கமா சொல்றதுதானேம்மா."

ரஞ்சனி பெட்டியைக் கட்டினாள். சாவியை ஒப்படைக்குமுன் ஒரு தடவை ஹாலுக்குப் போனாள். பின்கதவு மூடியிருந்தது. தாழ்ப்பாள் அதே துருவோடு இறுகியிருந்தது. அதற்கும் நிலைக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை, கலையாமல்.

பகல் வெளிச்சத்தில் அன்றுதான் தலையைத் தூக்கி மணிக்கூண்டைப் பார்த்தாள். மணி இருந்தது. மணிக்கு நாக்கு இல்லை. கயிறு மணியைத் தொடாமல், வெறும் உத்திரத்தில் தளர்வாகக் கட்டியிருந்தது. தெரு போன மறுவாரமே ஊர் கூடி நாக்கைக் கழற்றி ஏரியில் போட்டுவிட்டார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டாள்.

ஊருக்குக் கிளம்புமுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அன்னபுஷ்பம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அன்னம், ராத்திரி ஊர்ல ஒருத்தரும் வரலை. எங்க மாமாகூட."

"தெரியும் டீச்சர்."

"அப்ப வந்தது…"

"எங்க தெரு." அன்னபுஷ்பம் குழந்தையின் தலையைத் தடவினாள். "அன்னிக்கு நான் வெளியூர்ல பாட்டி வூட்ல இருந்தேன். அதனால தப்பிச்சேன். நேத்து எல்லாரையும் பார்த்தேன். கால்மாட்டுல பிச்சமுத்து சித்தப்பா. பின்னால தெரேசா அக்கா, பக்கத்து வூட்டுத் தாத்தா. வூட்டுக்கு ஒரு ஆளு. ஒரு வூடு பாக்கி இல்ல. தலைமாட்டுல புடிச்சினு வந்துச்சே, அது எங்கம்மா. அன்னிக்கி மணி அடிச்சதும் அதுதான்."

ரஞ்சனிக்கு உள்ளங்கை எரிந்தது.

"ஏதாவது பேசினாங்களா?"

அன்னபுஷ்பம் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கட்டிலக் கீழ வெக்கும்போது எங்கம்மா காதாண்ட குனிஞ்சுது. ஊர்ப் பக்கம் பார்த்துச்சு. ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு டீச்சர்…

'இன்னும் யாரும் வரலியா?'"